எதிர்க்கரைப் பேச்சு

தக்கை ஒருமுறை துள்ளியது. சற்று நின்று மறுபடியும் துள்ளியது. பிறகு ஒருக்களித்துச் சாய்ந்து தண்ணீருக்குள் விறுவிறுவென்று போனது. மூங்கிலைச் சுண்டி இழுத்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபி மீன் வாலை அடித்துக்கொண்டு மேலே வந்தது.

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. குளத்தின் மேல் பனி வெள்ளையாகக் கிடந்தது. மீனை முள்ளிலிருந்து கழற்றிக்கொண்டே நிமிர்ந்தேன்.

எதிர்க்கரையில் நாச்சிமுத்து அண்ணன் குந்தியிருந்தார். நான் தறி மேஸ்திரியாக இருந்த தறிக்குடோனில் எட்டுத் தறி ஓட்டுபவர். அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஆனாலும் என்ன கேட்டார் என்று எனக்குப் புரிந்தது.

"கூப்புட்டயா?"

நான் கூப்பிடவில்லை. மீனைத் தூக்கிக் காட்டினேன். அவர் மீனைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தன் தூண்டிலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு விஷயங்கள் எனக்கு உறுத்தின. என்னை அவர் எப்போதும் "வாங்க மேஸ்திரி, சொல்லுங்க மேஸ்திரி" என்றுதான் பேசுவார். அன்றைக்கு "கூப்புட்டயா" என்று கேட்டார். அதோடு, கேட்கும்போது அவர் பார்வை என் மேல் இல்லை. என் இடது தோளுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. இத்தனை நாள் கவனிக்காத லேசான மாறுகண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த புழுவைக் கோக்க ஆரம்பித்தேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் வால்பாறை அட்டைகளைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "ரத்தம் உறிஞ்சறதைப் போய் இவ்வளவு ரசிச்சு எழுதணுமா?" என்று என் மனைவி முகத்தைச் சுளித்தாள். சரி, இந்த வாரம் மீனைப் பற்றி எழுதுகிறேன் என்று சமாதானம் சொன்னேன். இதைப் படித்துவிட்டு என்ன சொல்வாளோ தெரியாது. இதை அவளிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

சத்தத்துக்குள் ஒரு பேச்சு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரையில் வால்பாறை டீ ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு சோமனூருக்கு வந்து சேர்ந்தேன். போத்தனூரில் ரயிலைப் பார்த்து வளர்ந்தவன் நான். மிஷின் சத்தத்துக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. அந்த நெஞ்சு நிமிர்த்தல் எல்லாம் தறிக்குடோன் கதவைத் திறக்கும் வரைக்கும்தான்.

நாற்பது விசைத்தறிகள். ஒவ்வொன்றிலும் ஊடுநூலைக் கொண்டு போகிற நாடா இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டே இருக்கும். முதல் நாள் என் காது அடைத்துக்கொண்டு, சாயங்காலம் டீக்கடையில் டம்ளரை வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தில் மனிதர்கள் என்ன பேசிவிட முடியும் என்று நினைத்தேன். அவர்கள் பேசாத பேச்சே கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது.

எல்லாம் உதட்டில்தான். குரலை எடுப்பதே இல்லை. பத்துத் தறிக்கு அப்பால் நிற்கிற ஆளிடம் உதட்டை அசைத்து ஒரு குடும்பச் சண்டையையே சொல்லி முடித்துவிடுவார்கள். கூடவே விரல் கொஞ்சம் ஆடும், புருவம் கொஞ்சம் ஏறும். முதலாளி உள்ளே வருவதற்குள் அவர் வருகிற செய்தி கடைசித் தறிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

நான் இதைக் கற்றுக்கொள்ள நாலைந்து மாதம் பிடித்தது. நான் முதன்முதலில் முழுதாகப் படித்த வாக்கியம், நாடாவுக்கான நூலைத் தாராகச் சுற்றும் ருக்குமணி அக்கா இன்னொரு பெண்ணிடம் சொன்னது. "புது மேஸ்திரிக்கு மூக்குத்தான் மொதல்ல வருது, ஆளு பொறவு வராரு." நான் உதட்டை அசைத்து, "மூக்கு வந்துருச்சுங்க அக்கா, ஆளும் வந்துட்டேன்" என்றேன். அக்காவுக்கு அன்று முழுக்க வெட்கம்.

இந்தப் பழக்கத்தில் ஒரு தொல்லை உண்டு. வெளியே வந்த பிறகும் குரல் எடுக்கத் தோன்றாது. கடைவீதியில் ஒருவரை ஒருவர் உதட்டால் கூப்பிடுவார்கள். அவர் திரும்பியிருந்தால் அவ்வளவுதான், போய்க்கொண்டே இருப்பார். நாச்சிமுத்து அண்ணன் ஒருதரம் கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பார்த்து, "நில்லுங்க, நில்லுங்க" என்று உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டே பின்னால் ஓடினார். பஸ் போயே போய்விட்டது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு வேறு பக்கம் நடந்து போனார். ஏன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

புதுத் தண்ணீர்

மீன் பிடிக்கிறவனுக்கு வருஷத்தில் ஐப்பசி ஒன்றுதான் மாதம். மற்றதெல்லாம் காத்திருப்பு.

நொய்யல் ஆற்றில் தண்ணீர் வந்து, வாய்க்கால் வழியாகக் குளத்துக்குள் இறங்கும். செம்மண் நிறம். அந்தப் புதுத் தண்ணீரின் வாசனையை எப்படிச் சொல்வது? நனைந்த புழுதி, அழுகின இலை, எங்கோ தொலைவில் பெய்த மழை எல்லாம் சேர்ந்த வாசனை. மீன்களுக்கு அது பட்டதும் கிறுக்குப் பிடித்துவிடும். வெயில் காலத்தில் மணிக்கணக்காகப் புழுவை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிற மீன், ஐப்பசியில் முள்ளோடு விழுங்கும்.

மண்புழுவுக்கும் அலைய வேண்டாம். ஈரமண்ணை ஒரு கை அள்ளினால் நாலு புழு நெளியும். கூடவே கடலைப் புண்ணாக்கையும் மைதாவையும் பிசைந்து ஓர் உருண்டை வைத்துக்கொள்வேன். அறுந்த ஹவாய் செருப்பில் வெட்டிய தக்கை. தங்கூசி என்று எல்லோரும் சொல்லும் நைலான் நரம்பு. வேறென்ன வேண்டும்?

தக்கை அசையாமல் நிற்கும் அந்த நேரம் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் போவேன். ஆறு நாள் இரும்புச் சத்தத்தில் கிடந்த காது, மெதுவாகத் திறந்துகொள்ளும். தூறல் இலையில் விழுவது கேட்கும். நீர்க்காகம் முங்குவது கேட்கும். பிறகு ஒன்றுமே கேட்காது. கெளுத்தி மீன் குத்தி விரல் வீங்கினாலும் எனக்கு அந்தக் காலை நேரம் சொர்க்கம்தான். இன்றைக்கும் அப்படித்தான்.

எங்கள் குளத்தில் ஓர் இடம் உண்டு. வாய்க்கால் வந்து சேர்கிற இடத்தில் குளம் குறுகி, கை நீட்டினாற்போல் நீண்டு கிடக்கும். அகலம் ஐம்பதடிதான் இருக்கும். ஆனால் நடுவில் ஆழம், அடியில் வழுக்குச் சேறு. எதிர்க்கரைக்குப் போக வேண்டுமென்றால் கரை மேலேயே நடந்து வாய்க்கால் பாலத்தைச் சுற்றி வர வேண்டும். நீச்சல் தெரிந்தவன் குறுக்கே போகலாம். எனக்குத் தெரியாது.

அந்த இடத்தில் ஒரு வேலிமுள் மரத்தின் அருகே நான் உட்காருவேன். குளத்திலேயே மீன் அதிகம் கிடைக்கிற இடம் அது. அப்படியிருந்தும் வேறு யாரும் அங்கே வருவதில்லை. ஊரில் ஒருத்தனுக்கும் மீன் பிடிக்கத் தெரியவில்லை என்று எனக்குள் ஒரே பெருமை. தூண்டிலை இடப்பக்கம் போட்டால் உடனே கடிக்கும். என் இடப்பக்கத்துப் புல் எப்போதும் அமுங்கியே இருக்கும். எருமை படுத்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆணியில் தொங்கிய கோட்டு

மழைக்கு ஒரு கோட்டு வேண்டியிருந்தது. தறிக்குடோனில் மோட்டார் அறைக்குப் பக்கத்து ஆணியில் ஒரு கரும்பச்சை ரப்பர்க் கோட்டு, தலைக்குல்லாவோடு, நான் வந்த நாளிலிருந்தே தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் தொடுவதில்லை. ஐப்பசி முதல் சனிக்கிழமை அதை எடுத்து உதறி, "இதை நான் போட்டுக்கட்டுங்களா?" என்று பொதுவாகக் கேட்டேன்.

நாச்சிமுத்து அண்ணன் அப்போது ஷிப்டில் இல்லை. மற்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடைசியில் ருக்குமணி அக்கா, "போட்டுக்கங்க மேஸ்திரி" என்று உதட்டை அசைத்துவிட்டுத் தாரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

கொங்கு நாட்டு மரியாதை பற்றி எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் ஒரு சங்கடமான விஷயத்தை நம் முகத்துக்கு நேரே சொல்ல இந்த ஊரில் ஆள் கிடைக்காது. நாம் கிணற்றை நோக்கி நடந்து போனால்கூட, "பாத்துப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள்.

முதல் ஞாயிறு கோட்டைப் போட்டுக்கொண்டு குளத்துக்குப் போனேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து நேராக வந்த நாச்சிமுத்து அண்ணன் எதிர்க்கரையில் இருந்தார். நான் முதலில் சொன்ன காலை அதுதான். ஜிலேபி மீனோடு நிமிர்ந்தேன். அவர் உதடு மட்டும் அசைந்தது. "கூப்புட்டயா?"

அடுத்த ஞாயிறும் அதே கேள்வி. பிறகு நீளமாக ஏதேதோ. "ஏண்டா பேச மாட்டீங்கற? கோவமாடா?" என்று ஒருதரம். "அம்மா உன்ற சட்டைய இன்னும் தொவைக்கல" என்று ஒருதரம். சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறவர் போல ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இடம் நான் இல்லை, எனக்குப் பக்கம்.

நான் என் தக்கையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். தூக்கக் கலக்கத்தில் உளறுகிறார் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டு மணி நேரம் தறி ஓட்டிவிட்டு வருகிறவர். யாராக இருந்தாலும் உளறுவார்கள். மீனும் கடித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து போகவில்லை.

"நீங்க மீன் புடிப்பீங்களா?"

மூன்றாவது ஞாயிற்றுக்கு மறுநாள், நாச்சிமுத்து அண்ணனின் தறி ஒன்று நின்றுவிட்டது. குனிந்து பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன்.

"நேத்து உங்களுக்கு என்னங்கண்ணா கெடைச்சுது? எனக்கு ஏழு ஜிலேபி, ரெண்டு கெளுத்தி."

அவர் என்னை நேராகப் பார்த்தார். அந்தக் கண்ணில் மாறுகண் எதுவும் இல்லை.

"நீங்க மீன் புடிப்பீங்களா மேஸ்திரி? எந்தக் கொளத்துலீங்க?"

விளையாடுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. மூன்று ஞாயிறு ஐம்பதடி தூரத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த மனிதர் உண்மையாகவே கேட்டார். ஸ்பானர் என் கையிலிருந்து நழுவி விழுந்தது. அந்தச் சத்தத்தில் அது விழுந்தது யாருக்கும் கேட்கவில்லை.

டீ நேரத்தில் ருக்குமணி அக்காவை வெளியே கூட்டிப்போய்க் கேட்டேன். அக்கா முதலில் மழுப்பினார். டீ வேண்டாமா என்றார், மழை வரும்போல இருக்கிறது என்றார். நான் விடவில்லை.

"சொல்லறதா வேண்டாமான்னு இருந்துச்சுங்க மேஸ்திரி. உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் சொல்லுல" என்றார் கடைசியில். "அந்தக் கோட்டு கனகராசுதுங்க. நாச்சிமுத்தண்ணனோட தம்பி. நீங்க ஒக்கார்ற எடமும் அந்தப் பையன் ஒக்கார்ற எடந்தானுங்க."

அண்ணனும் தம்பியும் ஒரே தறிக்குடோன். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு கரையில் எதிரும் புதிருமாக உட்காருவார்கள். சத்தம் போட்டால் மீன் ஓடிவிடும் என்று உதட்டாலேயே நாள் முழுக்கப் பேசிக்கொள்வார்கள். போன ஐப்பசியில், மழையில்லாத ஒரு நாள், கனகராசின் தூண்டில் முள் தண்ணீருக்கடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. எடுக்க இறங்கியிருக்கிறான். சேறு காலைப் பிடித்துக்கொண்டது.

"அப்ப அண்ணன் என்ன பண்ணிட்டு இருந்தாரு?"

"அவருக்குப் பெரிய மீனு ஒண்ணு சிக்கியிருந்துதாமா. குனிஞ்சு அதை இழுத்துட்டு இருந்தாரு. நிமிந்து பாத்தா தம்பியைக் காணோம். தண்ணி மேல துண்டு மட்டும் மெதந்துதுங்க." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கூப்புட்டிருந்தா நீஞ்சிப் போயி புடிச்சிருப்பாரு. ஆனா நம்மாளுங்க எங்கீங்க வாய் உட்டுக் கூப்புடறோம்? ஒதட்டை அசைச்சிருப்பான். இவரு பாக்குல. கூப்புட்டானா, கூப்புடவே இல்லியா, அது அவருக்குத் தெரியில. அதுதானுங்க அந்த மனுசனைத் திங்குது."

ஓடிப்போன பஸ்ஸும், பாதியில் நின்ற அவர் சிரிப்பும் எனக்கு அப்போது ஞாபகம் வந்தன.

என் கணக்கு எனக்கு உடனே விளங்கியது. பனிமூட்டம், அதே கோட்டு, அதே இடம். குல்லாவுக்குள் என் முகம் தெரிந்திருக்காது. பாவம், என்னைத் தம்பி என்று நினைத்துக்கொண்டு மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நானோ மீனைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன்.

நாலாவது ஞாயிறு

நேரில் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். தறிக்குடோனில் சொன்னால் நாலு பேர் கண் படும். குளத்தில் எதிர்க்கரைக்கே போய், பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணா, அது நானுங்க" என்று சொல்லிவிடலாம். கோட்டையும் அங்கேயே கழற்றிக் கொடுத்துவிடலாம்.

அன்று மழை கொஞ்சம் வலுத்திருந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். பாலத்துக்குப் போக என் பழைய இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வேலிமுள் மரத்தருகே வந்ததும் எதிர்க்கரையைப் பார்த்தேன்.

நாச்சிமுத்து அண்ணன் உட்கார்ந்திருக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். தூண்டில் கரையில் கிடந்தது. அவர் உதடு தெளிவாக அசைந்தது.

"நீ வாயைத் தொறக்க மாட்டீங்கற. நானே அக்கட்ட வாரேன். பக்கத்துல வந்து கேக்கறேன்."

இன்னும் ஒரு எட்டு வைத்தார். தண்ணீர் தொடைக்கு வந்தது. நீச்சல் தெரிந்தவர்தான். ஆனால் அவர் நீந்துவதற்கு இறங்கவில்லை. நடந்து வருகிறவர் போல வந்தார். கை இரண்டும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன.

சைக்கிளைக் கீழே போட்டேன். நீரோரத்துக்குப் போய் இரண்டு கையையும் ஆட்டினேன். தம்பியாகவே இருந்துவிட்டுப் போகிறேன், ஆள் பிழைத்தால் போதும் என்று தோன்றிவிட்டது. "வராதீங்கண்ணா! அங்கயே நில்லுங்க!" என்று உதட்டை அசைத்தேன். தம்பி இவரை வாங்க போங்க என்பானா, வா போ என்பானா? அந்த நேரத்திலும் அந்தக் கவலை வந்தது. பிறகுதான் புத்தி வந்து தொண்டை கிழியக் கத்தினேன். இருபது வருஷம் தறிச்சத்தம் தின்ற காது. அவருக்குக் கேட்கவில்லை.

அவர் நிற்கவும் இல்லை. பார்வை என் மேல் திரும்பவும் இல்லை. ஒரு முழம் தள்ளி, என் இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு இடுப்புத் தண்ணீருக்கு வந்துவிட்டார்.

நான் ஓடினேன். கரை மேல் சேறு வழுக்கியது. ஒருதரம் விழுந்து முட்டி சிராய்ந்தது. கோட்டு காலைத் தடுக்கியது. கழற்றி எறியக்கூடத் தோன்றவில்லை. பாலத்தைத் தாண்டும்போது குளத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவர் போய்விட்டால் அதற்கு நான்தான் காரணம். ஒரு கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஏழு ஜிலேபிக்காக மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். இதைத் தவிர மனதில் வேறொன்றும் ஓடவில்லை.

எதிர்க்கரைக்கு வந்தபோது அவர் கரையில் உட்கார்ந்து வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க மேஸ்திரி. ஏனுங்க, இப்பிடி எரைக்க எரைக்க ஓடியாரீங்க?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கை சூடாக இருந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் சிரித்த முகம்.

"கூப்புடவே இல்லையாமா மேஸ்திரி" என்றார்.

"ஆருங்க?"

"கனகு. என்ற தம்பி. இத்தன வாரமா உம்முன்னு ஒக்காந்திருந்தான். இன்னைக்கு நான் தண்ணீல எறங்கினதும்தான் பேசுனான். போங்கண்ணா, கரையேறுங்கன்னான். நான் கூப்புடவே இல்லீங்கண்ணா, காலு போனது தெரியறதுக்குள்ள முடிஞ்சு போச்சுன்னான். நீங்க மீனை இழுத்துட்டு இருந்ததைப் பாத்தேன், பெருசா இருக்கும்போல இருக்குதேன்னு பாத்துட்டே இருந்தேன்னான்." அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அவனுக்கு எப்பவும் அப்பிடித்தானுங்க. எனக்குப் பெரிய மீனு சிக்குனா அவனுக்குச் சந்தோசம்."

நான் சொன்னதைத்தான் தன் மனம்போலப் படித்திருக்கிறார் என்று நினைக்கப் பார்த்தேன். ஆனால் நான் சொன்னது மூன்றே வார்த்தை. அதற்கு மேல் நான் அங்கே இல்லை.

"எப்பங்கண்ணா இதெல்லாம் சொன்னாரு?"

"இப்பத்தானுங்க. கரை மேல ஆரோ ஓடறாப்புல இருந்துது. அப்பத்தான் சொல்லீட்டு இருந்தான்."

பிறகு அவர் பார்வை என் உடம்பில் நின்றது. கோட்டின் கையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது கனகோட கோட்டாட்ட இருக்குதுங்களே."

"தறிக்குடோன் ஆணியில இருந்துதுங்கண்ணா. தெரியாம எடுத்துப் போட்டுக்கிட்டேன்." அவிழ்க்கப் போனேன். அவர் தடுத்தார்.

"இருக்கட்டும், மழை பெய்யுது. போட்டுக்கங்க. அவனும் போட்டுட்டுத்தான் இருக்கான். அதா பாருங்க."

பார்த்தேன். எதிரே பனி, வேலிமுள் மரம், கீழே கிடந்த என் சைக்கிள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நாச்சிமுத்து அண்ணன் எழுந்து நின்று அந்தப் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கினார். உதட்டை அசைத்து, "போயிட்டு வாரேன் கண்ணு" என்றார். எதிரே பார்த்தபடியே ஒருமுறை தலையாட்டினார். தூண்டிலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மெதுவாக, ஆனால் திரும்பிப் பார்க்காமல்.

இடப்பக்கம்

சைக்கிளை எடுக்க நான் மறுபடி அந்தக் கரைக்குப் போக வேண்டியிருந்தது. பட்டப்பகல்தான். இருந்தாலும் பாலத்தின் மேல் வெகு நேரம் நின்றேன். யாராவது அந்த வழியாக வந்தால் கூடப் போகலாம் என்று பார்த்தேன். யாரும் வரவில்லை.

மரத்தடியில் காலை முழுக்கப் பெய்த மழையில் எல்லாம் நனைந்து கிடந்தது. நான் வழக்கமாக உட்காரும் இடத்துப் புல்லில் தண்ணீர் நின்றது. அதற்கு இடப்பக்கம், ஓர் ஆள் குந்துகிற அளவுக்குப் புல் அமுங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மேலே அண்ணாந்து பார்த்தேன். அந்த இடத்துக்கு மேலே கிளை எதுவும் இல்லை.

நான் நட்டு போல்ட்டை நம்புகிறவன். ஒரு மிஷின் நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும். இதற்கும் பல வருஷம் தேடினேன். அதே கோட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்த என்னை அவர் மேஸ்திரி என்றுதான் கண்டுகொண்டார். அப்படியானால் மூன்று வாரமும் அவர் என்னைத் தம்பி என்று தவறாக நினைக்கவே இல்லை. என்னை அவர் பார்க்கவே இல்லை.

நாச்சிமுத்து அண்ணன் அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை. மறுவாரம் தறிக்குடோனில் தன் எட்டாவது தறியிலிருந்து என்னைப் பார்த்து, "மூக்கு வருது, மேஸ்திரி பொறவால வராரு" என்று உதட்டை அசைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் இந்தத் தடவை பாதியில் நிறுத்தவில்லை. கோட்டைத் துவைத்து அவர் வீட்டில் கொடுத்தேன். அவர் அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது போத்தனூரில் இருக்கிறேன். ஐப்பசி வந்தால் இன்னும் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு குளத்துக்குப் போய்விடுவேன். முன்னைவிட ரசித்துத்தான் பிடிக்கிறேன். கூட வருகிற நண்பர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு குறை உண்டு. கரையில் எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் என் இடப்பக்கம் யாரையும் உட்கார விடமாட்டேன். ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டே உட்காருவேன். தூண்டிலையும் முதலில் அந்தப் பக்கம்தான் போடுவேன்.

உடனே கடிக்கும்.